மார்கழிப் போறணை

யாழ்ப்பாணத்துக் குசினிகளிலே நெருப்புக்கு ஒருபோதும் குறைவிருந்ததில்லை. ஆயினும் அது பாத்திரத்தின் அடியிலே மாத்திரம் எரிகின்ற நெருப்பு. அவிப்பதும், பொரிப்பதும், வறுப்பதும், பாகு காய்ச்சுவதும் எங்கள் பெண்மக்களுக்குக் கைவந்த வித்தைகளாயிருக்க, நாற்புறமும் சூழ்ந்த மிதமான வெப்பத்திலே ஒரு பண்டத்தை மணிக்கணக்காக வேகவைக்கும் வித்தை, 1619இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரையும் 1658இல் அதைப் பிடித்த ஒல்லாந்தரையும் தொடர்ந்தே இந்த ஊருக்குள் புகுந்தது. புகுந்த வித்தை பாண் சுடும் பேக்கரிகளில் தங்கிவிட்டதேயன்றி வீடுகளுக்குள் வந்து சேரவில்லை. ஆகையால் 1950களிலே சுண்டிக்குளியில் எங்கள் தெருவில் நத்தார்க் கேக் செய்ய விரும்பிய எந்த வீட்டுக்காரியும், படலையைச் சாத்திக்கொண்டு தானாகவே அதைச் செய்து முடித்துவிட முடியாது. அயலாருக்குக் கொடுப்பதற்காகவே செய்யப்பட்ட அந்தப் பண்டம், அயலார் பலருடைய கைகளைக் கடந்து வந்தாலன்றி உருவாகவே மாட்டாது.

இலங்கையின் நத்தார்க் கேக் ஆங்கிலேயரின் பழக் கேக்குக்குத் தூரத்து உறவு மாத்திரமே. கோதுமை மாவுக்கு அதில் பெரிய இடமில்லை. றவைதான் அதன் உடல். இலேசாக வறுத்து, பட்டரிலே பிசறி ஊறவைத்த றவையும், சீனியோடு சேர்த்து அடித்த முட்டை மஞ்சட்கருவும், பொடியாக அரிந்த கஜுவும், பிராந்தியிலே நாட்கணக்காக ஊறிய முந்திரிகை வற்றலும், பாகிலிட்ட இஞ்சியும், பாகிலிட்ட நீற்றுப் பூசணியும், தேனும், பன்னீரும், ஏலமும், கறுவாவும், சாதிக்காயும் ஒன்றோடொன்று கலந்து, ஐரோப்பியருடைய போறணையும் அராபியருடைய பன்னீரும் இந்தத் தீவின் வாசனைத் திரவியங்களும் ஒரே தட்டத்தில் சமாதானமாக அமர்ந்திருக்கும் பதார்த்தம் அது. 1929ஆம் ஆண்டில் ஹில்டா டொய்ட்ரம் அம்மையார் தொகுத்த ‘சிலோன் டெய்லி நியூஸ்’ சமையல் நூல், இத்தீவில் ஆங்கிலம் வாசிக்கும் குடும்பங்கள் பலவற்றில் இடம்பிடித்திருந்தது. எங்கள் அம்மாவோ அந்த நூலை நம்பவில்லை. தெருக்கோடியிலே குடியிருந்த பறங்கி மாமி வாயாலே சொல்லச்சொல்ல, பாடசாலைக் கொப்பி ஒன்றிலே தமிழில் எழுதிவைத்துக்கொண்ட செய்முறையையே நம்பினார். 25 முட்டை மஞ்சட்கரு, ஓர் இறாத்தல் பட்டர், இரண்டு இறாத்தல் சீனி என்று ராஜ வம்சத்துக் கணக்காக ஆரம்பிக்கும் அந்தக் குறிப்பு, “மிச்சத்தைக் கை சொல்லும்” என்று ஏழ்மையான ஒரு வாக்கியத்தோடு முடிந்திருக்கும்.

கார்த்திகை மாதத்து மழை ஓயத்தொடங்கியதும் சேகரம் ஆரம்பமாகிவிடும். முதலில் வருவது பூசணிக்காய். பக்கத்து வளவிலே குடியிருந்த தமிழ் வாத்தியாருடைய குடும்பம் ஆசாரசீலமான சைவக் குடும்பம். மச்சம் மாமிசம் மாத்திரமல்ல, முட்டையும் அந்த வாசலைத் தாண்டியதில்லை. வாத்தியாருடைய தாயாராகிய ஆச்சி, தம்முடைய மாட்டுக் கொட்டிற் கூரையிலே படர்ந்திருந்த நீற்றுப் பூசணிக் கொடியிலிருந்து மிக முற்றிய காயைத் தாமே தெரிந்தெடுத்து, வேலிப் பொட்டுக்குள்ளாலே அனுப்பிவைப்பார். காயைத் தொடர்ந்து அவருடைய குரலும் வரும்.

“பிள்ளை, முத்தின காயாப் பாத்து விட்டிருக்கிறன். பிஞ்சு எண்டால் பாகிலை கரைஞ்சு போகும்.”

“உங்கடை பங்கு புதுச் சட்டியிலை வரும், ஆச்சி.”

இந்தச் சம்பாஷணை வருஷாவருஷம் மாற்றமின்றி நடைபெறும். அதன் பொருள் யாதெனில், அம்மா கடைக்குப் போய் இதுவரை நெருப்பே காணாத மண்சட்டி ஒன்றை வாங்கிவந்து, எங்கள் குசினியிற் புழங்கும் பாத்திரம் எதையும் தொடாமல், முற்றத்திலே கல் வைத்து மூட்டிய தனியடுப்பில் பூசணித் துண்டுகளை முள்ளாற் குத்தி அவித்து, சீனிப் பாகிலே கண்ணாடித்தன்மை வரும்வரை காய்ச்சுவார். அதிலே முதற்பங்கு சட்டியோடு ஆச்சிக்குப் போகும். எஞ்சியதே கேக்குக்குள் விழும். தாம் ஒருகாலும் வாயில் வைக்கப்போகாத ஒரு பண்டத்துக்காக, தமது கொடியின் சிறந்த காயைக் கொடுத்த அந்த மூதாட்டியும், அந்தப் பண்டத்திலே அவருடைய ஆசாரத்துக்குப் பழுதில்லாத அம்சம் எது என்று யோசித்து அதைப் பிரித்துக் கொடுத்த என் தாயாரும், சமய சமரசத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. கேக் எப்படி வந்தது என்று ஆச்சி விசாரிப்பார், காய் நல்லாய் நின்றுபிடித்தது என்று அம்மா மறுமொழி சொல்லுவார், அவ்வளவுதான்.

முட்டை பாசையூரிலிருந்து வரும். அங்கிருந்து மீன் கொண்டுவரும் அம்மாள், ஐப்பசி கடைசியிலிருந்தே தன் வீட்டுக் கோழிகளின் முட்டைகளை வேறெவருக்கும் விற்காமல் உமிப் பெட்டியிலே சேர்த்துவைத்து, மீன் கடகத்தோடு ஒட்டாமல் தனியே தலையில் சுமந்து வருவாள். பன்னீரும் ஏலமும் சாதிக்காயும் சோனகதெருவில் நானா ஒருவருடைய கடையிலிருந்து வரும். அவர் சரக்கு மாத்திரம் கொடுப்பவரல்லர். அவருடைய சிறிய பித்தளைத் தராசையும் அவுன்ஸ் படிக்கற்களையும் மார்கழியிலே சில நாட்களுக்கு எங்கள் தெருவுக்கு இரவல் கொடுத்து, அது வீடுவீடாகச் சுற்றித் திரும்பி வரும்வரை பழைய தராசைக் கொண்டு சமாளித்துக்கொள்வார். றவையையும் சீனியையும் சுண்டுக் கணக்கிலே அளந்துவந்த எங்களுக்கு, அவுன்ஸ் என்ற துல்லியத்தை வருஷத்துக்கு ஒருமுறை அருளியவர் அவரே.

சாமான்கள் சேர்ந்தபின் அரிதல் ஆரம்பமாகும். கஜுவையும் வற்றலையும் பாகிலிட்ட பழங்களையும் பொடியாக அரிந்தெடுப்பது ஒரு கையால் ஆகிற காரியமல்ல. ஆகையாலே பின்னேரங்களிலே பெரியம்மா, சின்னம்மா, அயல்வீட்டு அக்காமார் என்று ஒரு சபையே எங்கள் விறாந்தையிலே கூடிவிடும். இன்றைக்கு இவ்வீடு, நாளைக்கு அவ்வீடு என்று முறைவைத்து நடைபெற்ற இந்தச் சபைகளிலேதான் தெருவின் சமாசாரங்கள் யாவும் அரிபட்டன என்று சொல்லவேண்டும். யாருக்குச் சலரோகம் கண்டிருக்கிறது, யார் வீட்டிலே பிள்ளைப்பேறு, யார் மகனுக்குக் கொழும்பிலே உத்தியோகம் கிடைத்திருக்கிறது, எந்த வீட்டிலே இழவு நேர்ந்து இன்னும் அந்திரட்டி ஆகவில்லை என்பன எல்லாம் கத்திகளின் ஓசைக்கிடையே பரிமாறப்பட்டு, அம்மாவின் மனத்திலே பதிந்துகொள்ளும். பின்னால் தட்டங்கள் எந்தெந்தப் படலைக்கு எவ்விதமாகப் போகவேண்டும் என்று தீர்மானித்தது இந்த ஞானமே. சீனியையும் மஞ்சட்கருவையும் அடிக்கும் வேலை மாத்திரம் பையன்களுக்கு விதிக்கப்பட்டது. சீனி கரைந்து, கலவை வெளிறி, அகப்பையை உயர்த்தினால் நாடாவாக மடிந்து விழும்வரை கை ஓயக்கூடாது.

கலவை தயாரானதும் போறணைக்குப் போகவேண்டும். தகரத் தட்டங்களின் உட்புறத்திலே பழைய பத்திரிகைத் தாள்களை மடிப்புமடிப்பாக விரித்து, அதன்மேல் பட்டர் பூசிய எண்ணெய்த்தாளை இட்டு, அதிலே கலவையை ஊற்றி, மழைத்தூறலுக்குக் குடை பிடித்துக்கொண்டு நாங்கள் பேக்கரிக்கு ஊர்வலமாகச் செல்வோம். அக்காலத்தில் யாழ்ப்பாணப் பட்டினத்துப் பேக்கரிகள் பலவற்றைத் தெற்கிலிருந்து வந்த சிங்களவர்களே நடத்திவந்தார்கள். எங்கள் பேக்கரி முதலாளியும் மாத்தறைப் பக்கத்தவர். யாழ்ப்பாணத் தமிழைத் தமது ஊரின் இராகத்திலே பேசுகிறவர். செங்கல்லாற் கட்டிய அவருடைய போறணைக்குள்ளே விறகை நேராக எரித்து, சுவர்களும் கவிந்த கூரையும் சூட்டைக் குடித்து முடித்தபின் தணலையும் சாம்பலையும் வாரி வெளியேற்றி, ஈரச் சாக்கினாலே தளத்தைத் துடைத்து, அந்தச் சேமித்த சூட்டிலேயே பாணைச் சுடுவார்கள். பாணுக்கு வேண்டிய உக்கிரம் கேக்குக்கு ஆகாது. இவ்வளவு சீனியும் பழமும் நிறைந்த கனத்த கலவை, உள்ளே வேகுமுன் வெளியே கரிந்துவிடும். ஆகவே பாண் எல்லாம் வெளிவந்து, செங்கல்லின் வெப்பம் படிப்படியாக இறங்கும் பொழுதுக்காகக் காத்திருக்கவேண்டும். முதலாளி ஒரு வெள்ளைத் தாள் துண்டைப் போறணைத் தளத்திலே எறிந்து, அது எவ்வளவு நேரத்தில் எந்த நிறத்துக்கு மாறுகிறது என்று பார்ப்பார்.

“நோனா, சூடு இன்னும் கூட. அரை மணித்தியாலம் பொறுக்க வேணும்.”

அம்மா பொறுப்பார். நான்கைந்து வீட்டுத் தட்டங்கள் வரிசையாகக் காத்திருக்கும். இறுதியிலே நீண்ட காம்புள்ள பலகையின்மேல் தட்டங்களை ஏற்றி, உரியவருடைய பெயரைத் தாமே வாய்க்குள் சொல்லிக்கொண்டு, ஆழத்திலே ஒன்றும் ஓரத்திலே ஒன்றுமாக அவர் நிறுத்துவார். ஏறக்குறைய மூன்று மணித்தியாலத்துக்குப்பின், அந்த இருட்டுக்குள்ளே எந்தத் தட்டம் யாருடையது என்பதில் ஒருநாளும் பிசகமாட்டார். எஞ்சிய வெள்ளைக்கருவைச் சீனியோடு நுரைக்க அடித்துச் சிறு குவியல்களாக வைத்தால், போறணையின் கடைசி இளஞ்சூட்டிலே அவை இரவு முழுவதும் கிடந்து உலர்ந்து, காலையிலே வெண்மையான மொறுமொறுப்புப் பண்டமாகக் கிடைக்கும். அது பையன்களுக்குரிய கூலி. முதலாளி தமக்குரிய கூலியாகக் காசு வாங்கமாட்டார். ஒவ்வொரு வீட்டுக் கேக்கிலும் ஒரு துண்டை ஏற்று, அவற்றை ஒரே பெட்டியிலே அடுக்கி, தென்னிலங்கையிலுள்ள தம் பிள்ளைகளுக்கு இரவு மெயில் வண்டியிலே போகும் யாரிடமாவது கொடுத்தனுப்புவார். எங்கள் தெருவிலே எவர் கைப்பக்குவம் மேலானது என்ற இரகசியம், இவ்விதமாக, எங்களை ஒருநாளும் பார்த்திராத மாத்தறைச் சிறுவர்களுக்கு மாத்திரம் தெரிந்திருந்தது.

கேக் ஆறி, சில நாட்கள் தகரப் பெட்டியிலே இருந்து பதப்பட்டபின், தீப்பெட்டியளவு துண்டுகளாக வெட்டி, எண்ணெய்த்தாளிலே சுற்றி, அதன்மேல் வர்ணத்தாளிலே பொதிவார்கள். நத்தாருக்கு முதல்நாட் பின்னேரம் தட்டங்கள் புறப்படும். இங்கேதான் அம்மாவின் வித்தை முழுவதும் வெளிப்படும். சோனகதெரு நானாவின் வீட்டுக்குப் போகிற கேக், பிராந்தி சேராமல் தனிக் கிண்ணத்திலே பழம் ஊறவைத்துத் தனித் தட்டத்திலே சுட்டது. சலரோகம் கண்ட ஓய்வுபெற்ற தபாலதிபருக்கு உப்பு விசுக்கோத்து. இழவு வீட்டுக்கு வர்ணத்தாள் சுற்றாத வெறும் பொதி. அதுவும் பண்டிகை கழிந்த பின்னர். பாசையூர் அம்மாளுக்குப் பிள்ளைகள் அதிகமாகையால் தட்டம் பெரிது. அதுவே முதலிற் போகவேண்டும் என்பதும் அம்மாவின் கட்டளை. மார்கழித் திருவெம்பாவை பெரும்பாலும் நத்தாரை ஒட்டியே வருமாதலால், விடியற்புறத்திலே சங்கும் சேமக்கலமும் ஒரு பக்கத்தாலும், எங்கள் கோயிலின் கரோல் கோஷ்டி மறுபக்கத்தாலும் போய்க்கொண்டிருந்த அந்நாட்களில், சைவ வீடுகளுக்கு அடுப்பேறாத பொருள்களே செல்லும்: கதலிப்பழச் சீப்பு, பேரீச்சம்பழம், உடைக்காத தேயிலைப் பொட்டலம்.

இந்தச் சித்திரத்தை முழுவதும் பொன்வர்ணத்திலே தீட்டிவிடுவது நியாயமாகாது. எங்கள் தட்டத்தை விறாந்தையிலேயே வாங்கி, நாங்கள் படலை தாண்டுமுன் மாட்டுக்காரப் பையனிடம் கொடுத்துவிடும் வீடு ஒன்றும் இருந்தது. வேதத்திலே சேர்ந்து தலைமுறைகள் கடந்தபின்னும், சாதி என்ற கணக்கைத் தேவாலயத்தின் வாங்குகளிலேகூட விட்டுவிடாத சமூகந்தான் எங்களுடையதும். எங்கள் தட்டங்கள் செல்லாத ஒழுங்கைகளும் இருந்தன. எந்தக் கைக்கு எது உகக்கும் என்று அறிந்து கொடுப்பது பெரிய பண்பு. எந்தக் கையிலிருந்து எது வரக்கூடாது என்று தீர்மானித்து வைத்திருந்ததும் அதே அறிவுதான். அயலை நெருக்கமாக அறிந்த ஊர்களிலே இவ்விரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்திருப்பதைக் காணலாம்.

போன தட்டம் வெறுமையாகத் திரும்பாது என்பது மறுபக்கத்து நியதி. தைப்பொங்கலன்று வாத்தியார் வீட்டிலிருந்து புக்கையும், சித்திரை வருடப்பிறப்புக்குப் பயற்றம் பணியாரமும் சீனி அரியதரமும், நோன்புப் பெருநாளுக்கு நானா வீட்டு வட்டிலப்பமும் எங்களுடைய தட்டங்களிலேயே வந்துசேரும். உடனே எதையாவது போட்டுத் தட்டத்தைத் திருப்பிவிடுவதை அம்மா மரியாதைக் குறைவாகக் கருதினார். உடனே தீர்க்கிற கடன் வியாபாரம். பொறுத்துத் தீர்க்கிற கடனே உறவு என்பது அவர் சொல்லாமற் கைக்கொண்ட கொள்கை. எந்த வேளையிலும் எங்கள் அலுமாரியிலே பிறர் தட்டம் ஒன்றும், பிறர் அலுமாரிகளிலே எங்கள் தட்டங்கள் சிலவும் இருந்துகொண்டேயிருக்கும்.

பிறகு அந்தக் கைகள் ஒவ்வொன்றாக விலகின. 1956இல் அரசகரும மொழிச் சட்டம் வந்ததைத் தொடர்ந்து பறங்கியர் பெருந்தொகையாக அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார்கள்; பறங்கி மாமியும் போனார். 1970களிலே இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது முந்திரிகை வற்றல் அரிய வஸ்துவாயிற்று. சீனி கூப்பனுக்கு அளந்து கிடைத்தது. அம்மா சளைக்கவில்லை. பப்பாசிக்காயைப் பாகிலிட்டு வற்றலுக்குப் பதிலாக்கி, பூசணியைக் கூட்டி, பட்டருக்குப் பதிலாக மாஜரினைச் சேர்த்து, தெருவிலுள்ள வீடுகளின் சீனியை ஒன்றாகத் திரட்டி எல்லாருக்குமாக ஒரே கேக்கைச் செய்தார். பஞ்சத்தாலே அந்தப் பண்டத்தை அழிக்க இயலவில்லை. 1977ஆம் ஆண்டின் கலவரங்களுக்குப் பிறகு பேக்கரி முதலாளி தமது ஊருக்குச் சென்றவர் திரும்பவில்லை. அவருக்குப்பின் போறணையை ஏற்றவர்கள் பாணை நன்றாகவே சுட்டார்கள். கேக்குக்காகக் காத்திருக்கும் பொறுமை அந்தக் காலத்துக்கே இல்லாமற் போயிற்று. 1990 ஒக்டோபர் இறுதியிலே வடக்கின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது, யாழ்ப்பாணப் பட்டினத்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணித்தியாலங்களே. நானாவின் தராசு யாருக்கு இரவலாகப் போயிருந்ததோ, அந்த வீட்டிலேயே தங்கிவிட்டது. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு, யுத்தத்துக்கு அஞ்சிப் பட்டினத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த சனவெள்ளத்திலே நாங்களும் இருந்தோம். அம்மாவின் கொப்பி அவருடைய பையிலே இருந்தது, தட்டங்கள் இருக்கவில்லை.

இப்பொழுது வெள்ளவத்தையிலே மாடிக் குடியிருப்பு ஒன்றில் மகனோடு வசிக்கிறேன். மருமகள் மின்சாரப் போறணையின் குமிழைத் திருகி 150 பாகையிலே நிறுத்தி, கடையிலே பொதிசெய்து விற்கும் பூசணிப் பாகையும் அரிந்த பழங்களையும் கொட்டி, இயந்திரத்தாலே முட்டையை அடித்து, ஒரே பின்னேரத்தில் தனியொருத்தியாக அந்தக் கேக்கைச் செய்து முடிக்கிறாள். சுவையிலே அது அம்மாவினுடையதற்குச் சற்றும் தாழ்ந்ததல்ல. உண்மையைச் சொன்னால், அடி கரியாமையினாலே சற்று மேலானது. அழகான கடதாசிப் பெட்டிகளிலே இட்டு மாடிமாடியாகக் கொடுத்துவருகிறாள். அவர்களும் சந்தோஷமாக வாங்கி, நன்றி கூறி, கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். பெட்டி திரும்பி வரவேண்டிய அவசியமில்லை. யார் முட்டை தின்பவர், யார் பிராந்தி தொடாதவர் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் சந்தர்ப்பம் அவளுக்கு வாய்க்கவுமில்லை, ஏனெனில் கேக்கைச் செய்து முடிக்க அவளுக்கு எவருடைய தயவும் வேண்டியிருக்கவில்லை.

செய்முறையைப் பையிலே வைத்துக் கொண்டுபோகலாம். அயலை அப்படிக் கொண்டுபோக இயலாது. போன இடத்திலே புதிதாகக் கடன்பட்டுத்தான் அதை உண்டாக்கவேண்டும். கொடுப்பதற்கு முன்னே எதையாவது கேட்டு வாங்கு என்று மருமகளிடம் சொன்னபோது, எல்லாம் வீட்டிலே இருக்கும்போது எதைக் கேட்பது, மாமா, என்று அவள் சிரித்தாள். ஆனாலும், கிழவனின் திருப்திக்காகவோ என்னவோ, சமையல் தராசின் மின்கலம் தீர்ந்துபோன அன்று கடைக்குப் போகாமல் கீழ்மாடியிலே போய்க் கதவைத் தட்டினாள். தராசோடு வந்தவள், அந்த வீட்டு அம்மம்மா முட்டை தொடாதவர் என்பதையும், போன வருஷத்துப் பெட்டியை அவர் மரியாதைக்காக வாங்கி வேலைக்காரப் பெண்ணிடம் கொடுத்தார் என்பதையும் அறிந்து வந்தாள். அவருக்கென்று இம்முறை பூசணிப் பாகு தனியே காய்ந்தது. அந்தத் தராசு இன்னும் எங்கள் அலுமாரியிலேதான் இருக்கிறது. அவர்கள் கேட்கவில்லை, நானும் மருமகளுக்கு ஞாபகப்படுத்தவில்லை.